பின்னல் அவிழ்ந்த புரதம்

மருந்துக்கடை அலமாரியில் இரண்டு சரக்குகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று, டாக்டர் எழுதிக்கொடுக்கும் கேப்சூல் அட்டை. மருந்தைப் பொதிந்திருக்கும் அந்த வழவழப்பான கூடு பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. விழுங்குகிறவர் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. யோசித்தால் எந்த மிருகத்தின் எலும்போ என்று முகம் சுளிப்பார். இன்னொன்று, அழகான டப்பாவில் வரும் கொலாஜன் பவுடர். முகச்சுருக்கம் போகும், மூட்டுவலி தணியும், முடி கொட்டுவது நிற்கும் என்று சொல்லி விற்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்க ஆளும் இருக்கிறது. இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்: மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோல், எலும்பு, செதில். நாம் சந்தேகப்படுகிற கூடு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. நாம் நம்புகிற பவுடர் சொன்னதைச் செய்யும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நம்பிக்கையும் சந்தேகமும் இப்படி இடம் மாறிக் கிடப்பதற்குக் காரணம், கொலாஜனின் சிறப்பு எங்கே இருக்கிறது என்பது நமக்குச் சரியாகச் சொல்லப்படாததுதான். அதன் சிறப்பு அதன் உருவத்தில் இருக்கிறது. உருவம் வேலை செய்யும் இடத்தில் அது ஈடில்லாத பொருள். உருவம் குலைந்து வயிற்றுக்குள் போகும் இடத்தில் மிகச் சாதாரணமான, ஒரு குறையும் உள்ள புரதம்.

நம் உடம்பில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, ரத்தக்குழாயின் சுவர், பல்லின் உட்பகுதி என்று எங்கெல்லாம் இழுவையும் அழுத்தமும் தாங்க வேண்டியிருக்கிறதோ அங்கெல்லாம் இது இருக்கிறது. இதுவரை 28 வகைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. தோலிலும் எலும்பிலும் முதல் வகை, குருத்தெலும்பில் இரண்டாம் வகை மிகுதி. இழை ஒவ்வொன்றும் சுமார் ஆயிரம் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அப்படி மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி, மூன்று கால் எடுத்துப் பின்னிய சடைபோல் இறுகிக் கிடக்கின்றன. சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலமே இருக்கும். பின்னலின் உட்பக்கத்து இடுக்கில் புகும் அளவுக்குச் சின்னது அது ஒன்றுதான். இந்த ஒழுங்கு எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய் சாட்சி. அந்த நோயாளிகள் பலரிடம், ஆயிரத்தில் ஒரே ஒரு கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் அதைவிடப் பெரிய அமினோ அமிலம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதனால் பின்னல் தளர்கிறது, சாதாரணமாக விழுந்தாலே எலும்பு முறிகிறது.

இந்தப் பின்னலைக் கண்டுபிடித்துச் சொன்னது சென்னை. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது கோ. நா. ராமச்சந்திரனுக்கு வயது 30. அந்த ஆண்டு சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்காமல் கிடக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்ல, அதைப் பற்றிக்கொண்டார் ராமச்சந்திரன். கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரே கதிரில் வைத்துப் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் ‘நேச்சர்’ இதழில் மூவிழை அமைப்பை வெளியிட்டார். மறு ஆண்டு அதைத் திருத்தி, மூன்று இழைகளும் சேர்ந்து முறுக்கிக்கொண்ட வடிவமாக்கினார். டிஎன்ஏவின் அமைப்பைச் சொன்ன பிரான்சிஸ் கிரிக்கும் அதே ஆண்டு அலெக்சாண்டர் ரிச்சுடன் சேர்ந்து கொலாஜனுக்கு ஓர் அமைப்பை முன்வைத்தார். இழைகளுக்கிடையே எத்தனை ஹைட்ரஜன் பிணைப்பு என்பதில் இரு தரப்புக்கும் வாக்குவாதம் நடந்தது. மூவிழை என்ற அடிப்படை மட்டும் அசையவில்லை. கிண்டி வளாகத்து ஆய்வுக்கூடம் ஒன்று கேம்பிரிட்ஜோடு சரிக்குச் சமமாக மல்லுக்கட்டிய கதை நம் பள்ளிப் பாடங்களில் இன்னும் கொஞ்சம் இடம் பெற்றிருக்கலாம்.

பின்னல் அவிழாமல் இருக்க ஒரு பூட்டு வேண்டும். சங்கிலியில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு தொகுதி ஏறி, அது ஹைட்ராக்சிபுரோலின் ஆகிறது. அந்த மாற்றம்தான் பூட்டு. இதைச் செய்யும் என்சைமுக்கு வைட்டமின் சி இல்லாமல் நெடுநேரம் ஓடாது. பூட்டு விழாத கொலாஜன் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே அவிழ்ந்துவிடும், நம் உடம்போ 37 டிகிரி. வைட்டமின் சி மாதக்கணக்கில் கிடைக்காத பழைய காலக் கடலோடிகளுக்கு ஈறு வீங்கி, பல் ஆடி, ஆறிப்போன பழைய புண்கள்கூட மறுபடி வாய் திறந்தது இதனால்தான். 1747இல் ‘சாலிஸ்பரி’ என்ற கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமாகக் கவனித்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும் சில நாட்களில் தேறினார்கள். அவர்களுக்கு யாரும் கொலாஜன் கொடுக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். கொலாஜனை உடம்பு தானே செய்துகொள்கிறது. அதற்கு வெளியிலிருந்து வேண்டியது கச்சாப்பொருளும் இந்த வைட்டமினும்.

இனி, பின்னல் எப்படி அவிழ்கிறது என்று பார்ப்போம். மாட்டெலும்பை உடைத்து, கொழுப்பு நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்புச் சத்தெல்லாம் கரைந்துபோய், எலும்பின் வடிவிலேயே ரப்பர் போன்ற ஒரு பொருள் மிஞ்சும். இதற்கு ஒசீன் என்று பெயர். அதைப் பல வாரங்கள் சுண்ணாம்பு நீரில் கிடத்தி, கழுவி, வெந்நீரில் படிப்படியாகச் சூடேற்றினால் மூவிழைகள் பிரிந்து தண்ணீரில் இறங்கும். வடிகட்டி உலர்த்தினால் ஜெலட்டின். பன்றித்தோலாக இருந்தால் சுண்ணாம்பு வேண்டாம், அமிலமே போதும், வேலையும் சீக்கிரம் முடியும். கடைசியில் கிடைத்த சரக்கு எவ்வளவு உறுதி என்று அளக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 6.67 சதவீதக் கரைசலை 10 டிகிரியில் ஓர் இரவுக்கு மேல் உறையவிட்டு, அரை அங்குல விட்டமுள்ள ஓர் உருளையை அதன் மேல் வைத்து 4 மில்லிமீட்டர் அமுக்குவதற்கு எத்தனை கிராம் எடை தேவைப்படுகிறது என்று பார்க்கிறார்கள். 1925இல் இதற்கான கருவிக்குக் காப்புரிமை பெற்ற ஆஸ்கர் புளூம் பெயரால் அந்த எண் ‘புளூம்’ எனப்படுகிறது. ஜெலட்டின் வியாபாரமே இந்த எண்ணில்தான் நடக்கிறது. ஆக, வாங்குகிறவர்கள் காசு கொடுப்பது அதன் சத்துக்காக அன்று, உறையும் திறனுக்காக. இதே ஜெலட்டினை என்சைம் ஊற்றி இன்னும் நறுக்கி, இனி உறையவே முடியாதபடி துண்டாக்கினால் கிடைப்பது ‘கொலாஜன் பெப்டைட்’. டப்பாவில் பவுடராக வருவது அதுதான்.

வெந்நீரில் அவிழ்ந்த இழைகள் குளிரும்போது பழைய நினைவில் அங்கங்கே மறுபடி பின்னிக்கொள்கின்றன. இடையில் தண்ணீர் சிறைப்படுகிறது. ஆட்டுக்கால் பாயாவை மிச்சம் வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் கட்டியாகத் தளதளவென்று நிற்பது இந்த அரைகுறைப் பின்னலால்தான். 30 முதல் 35 டிகிரிக்குள் அது மறுபடி கரைந்துவிடும், அதாவது வாயின் சூடே போதும். ரம்ஜான் மாதத்தில் நம் முஸ்லிம் வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்பும் இதே மாதிரி ஆடினாலும் கடித்துத்தான் தின்ன வேண்டும், நாக்கில் உருகாது. மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றிலிருந்து வரும், அந்த இனிப்பை உறையவைக்கும் அகர் மாவுச்சத்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அது உருக 85 டிகிரியாவது வேண்டும். மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய், சில தயிர் வகைகள், மூஸ் போன்ற மேல்நாட்டு இனிப்புகள் எல்லாம் ஜெலட்டினை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வாயில் உருகும் இந்த ஒரு குணத்துக்காக. சைவ மாற்றுகள் எத்தனையோ வந்தும் அந்தக் குணத்தை அப்படியே கொண்டுவருவது இன்னும் சிரமமாகத்தான் இருக்கிறது.

கேப்சூலும் இந்தக் குணத்தை நம்பித்தான் பிழைக்கிறது. 1834இல் பாரிஸில் மோத், டுப்லான் என்ற இருவர் கசப்பு மருந்தை ஜெலட்டின் பொதியில் அடைக்கக் காப்புரிமை பெற்றார்கள். இன்றைய இரட்டைக்கூடு செய்யும் முறை எளிமையானது: உலோக ஊசிகளை ஜெலட்டின் கரைசலில் முக்கி எடுத்து, மெல்லிய படலத்தை உலரவிட்டு, கழற்றி, வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகுகிறார்கள். வயிற்றில் விழுந்த சில நிமிடங்களில் கூடு கரைந்து மருந்து வெளியே வருகிறது. கூட்டின் எடையில் 13 முதல் 16 சதவீதம் தண்ணீர் இருக்கும், இருந்தாக வேண்டும். அது குறைந்தால் கூடு நொறுங்கும், கூடினால் பிசுபிசுக்கும். கேப்சூலை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வேறு டப்பியில் போட்டுவைக்காதீர்கள் என்று மருந்தாளுநர் சொல்வது, முக்கியமாக ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில், வெறும் சம்பிரதாயம் கிடையாது.

அறுவை அரங்கில் இதன் பங்கு இன்னும் பெரிது. நுரைபோல் அடித்து உலர்த்திய ஜெலட்டின் பஞ்சை ரத்தம் கசியும் இடத்தில் வைத்தால், ரத்தம் உறைய அது பிடிமானம் தருகிறது. 1940களிலிருந்து இது புழக்கத்தில் உள்ளது. பிறகு எடுக்கவும் வேண்டாம், நான்கு முதல் ஆறு வாரங்களில் உடம்பே கரைத்துவிடும். பழைய காலத்துத் தையல் நூலான கேட்கட் ஆடு, மாட்டுக் குடலிலிருந்து எடுத்த கொலாஜன். இதய வால்வு பழுதானவர்களுக்குப் பொருத்தப்படும் பன்றி வால்வும், மாட்டின் இதய உறையில் செய்த வால்வும் வேதிப்பொருளால் பதப்படுத்திய கொலாஜன் திசுக்களே. 1981இல் அமெரிக்காவில் மருத்துவர் ஜான் பர்க்கும் எம்ஐடி பேராசிரியர் அயோனிஸ் யன்னாசும் மாட்டுக் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்புப் பொருளையும் சேர்த்துச் செய்த செயற்கைத் தோலைக் கடுமையான தீக்காயக்காரர்களுக்கு வைத்துக் காட்டினார்கள். அந்தச் சாரத்தைப் பற்றிக்கொண்டு நோயாளியின் சொந்தச் செல்கள் புதுத் தோலை எழுப்பின. தோல் பதனிடும் தொழிலுக்காக அடையாறில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தோல் கழிவிலிருந்து கொலாஜன் பிரித்துப் புண்ணுக்கான படலங்கள் செய்வதில் நெடுங்காலமாக ஆய்வு நடத்துகிறது. இந்த எல்லா இடத்திலும் கொலாஜன் வேலை செய்வது, முழுப் பின்னலாகவோ பாதி அவிழ்ந்தோ, தன் உருவத்தைக் கொண்டுதான். புகைப்படச் சுருளும் அப்படியே: 1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் வெள்ளி உப்பை ஜெலட்டினில் பரப்பிக் காட்டிய பிறகு ஒரு நூற்றாண்டு சினிமாவும் எக்ஸ்ரேயும் அதன் முதுகில்தான் ஓடின, உதகையில் ‘இந்து’ பிலிம் சுருள்களைச் செய்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலைக்கும் அதுவே அடிப்படை. கல்குவாரியில் வெடிக்கும் ஜெலட்டின் குச்சிக்கு மட்டும் இந்த வம்சாவளியோடு தொடர்பில்லை. அது கூழாக இருப்பதால் வந்த பெயர், எலும்புச் சரக்கு எதுவும் அதில் இல்லை.

மருத்துவத்தில் ஜெலட்டினுக்கு மறுபக்கமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ரத்தம் இழந்தவர்களுக்கு நரம்பில் ஏற்றும் ஜெலட்டின் திரவங்கள், மலிவான உப்புநீர்க் கரைசலைவிட அதிக உயிர்களைக் காப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சிலருக்கு ஒவ்வாமையும் வருகிறது. சில தடுப்பூசிகளில் மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஜெலட்டினால் ஜப்பானில் 1990களில் குழந்தைகள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்து, அங்கே தயாரிப்பையே மாற்றினார்கள். இப்படி நன்மையும் தீமையும் அளந்து பார்க்கப்பட்டு, தேறாதது தள்ளப்படுவதுதான் மருத்துவத்தில் ஜெலட்டினுக்குக் கிடைத்த மரியாதை. அந்தத் தராசு சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. வந்தபோதெல்லாம் முள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

நெப்போலியன் காலத்துக்குப் பிந்தைய பாரிஸில் ஏழைகளுக்கு எப்படிச் சோறு போடுவது என்பது பெரிய கவலை. வேதியியலாளர் டார்சே, கசாப்புக் கழிவான எலும்பை நீராவியில் வேகவைத்து ஜெலட்டின் எடுத்து, அதில் சூப் காய்ச்சினால் ஆஸ்பத்திரிகளிலும் அன்னசாலைகளிலும் இறைச்சிச் செலவு மிச்சமாகும் என்று வாதாடினார். செயிண்ட் லூயி மருத்துவமனையில் அதற்கான கருவி ஆண்டுக்கணக்கில் ஓடியது. குடித்தவர்கள் முணுமுணுத்தார்கள், வேறு மருத்துவமனை டாக்டர்களும் சந்தேகப்பட்டார்கள். பிரெஞ்சு அறிவியல் கழகம் ஒரு குழு அமைத்தது. அதை நடத்தியவர் உடலியங்கியல் அறிஞர் பிரான்சுவா மாஜான்டி. குழு பத்து ஆண்டுபோல் இழுத்தடித்து 1841இல் அறிக்கை தந்தது. ஜெலட்டினை மட்டும் தின்னக் கொடுத்த நாய்கள் சில நாளில் அதைத் தொடவே மறுத்தன, தின்றவையும் மெலிந்து செத்தன. அமினோ அமிலம் என்ற கருத்தே உருவாகாத காலம் அது. ஆனாலும் புரதம் என்றால் எல்லாம் ஒன்றில்லை என்ற உண்மை அந்த நாய்களின் வழியே வெளிவந்தது.

காரணம் பிற்பாடு தெரிந்தது. உடம்பால் தானே செய்துகொள்ள முடியாமல் உணவிலிருந்தே பெற வேண்டிய ஒன்பது அமினோ அமிலங்களில் டிரிப்டோஃபான் என்பது கொலாஜனில் அறவே இல்லை. வேறு சிலவும் சொற்பம். புரதத்தின் தரத்தை மதிப்பிட உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் வகுத்த கணக்கில் முட்டைக்கும் பாலுக்கும் மதிப்பெண் 1, ஜெலட்டினுக்குப் பூஜ்யம். பருப்பும் சோறும் முட்டையும் சாப்பிடுகிறவர் அதோடு கொஞ்சம் ஜெலட்டின் சாப்பிட்டால் கெடுதல் எதுவும் இல்லை, குறையை மற்ற உணவு ஈடுகட்டிவிடும். அதையே ஆகாரமாக நம்பினால் ஆபத்து. அமெரிக்காவில் 1976இல் ராபர்ட் லின் என்ற டாக்டர் எழுதிய எடைகுறைப்புப் புத்தகம் சக்கைப்போடு போட்டது. தோலும் தசைநாணும் காய்ச்சி எடுத்த திரவப் புரதத்தை மட்டும் குடித்து நாளைக் கடத்தச் சொன்னது அது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இத்தகைய திரவப் பட்டினியால் ஏறக்குறைய 60 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள், பலர் இதயத் துடிப்பு தாறுமாறாகி. கலோரி மிகக் குறைந்த பட்டினிதான் இதில் முதல் குற்றவாளி. மட்டமான புரதம் அதற்குத் துணைபோனது.

சரி, இன்றைய பவுடரை யாரும் சோற்றுக்குப் பதிலாகக் குடிப்பதில்லை, தோலுக்குத்தான் குடிக்கிறார்கள். தின்ற கொலாஜன் தோலுக்குப் போகுமா? சமையலறையிலேயே இதற்கு ஒரு பரிசோதனை உண்டு. ஜெலட்டின் ஜெல்லிக் கரைசலில் பச்சை அன்னாசித் துண்டைப் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்; எத்தனை மணி நேரம் ஆனாலும் உறையாது. அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற என்சைம் இழைகளைத் துண்டுதுண்டாக நறுக்கிவிடும். டப்பாவில் அடைத்த அன்னாசி என்றால் உறையும், காரணம் சூட்டில் என்சைம் செத்துவிட்டது. பிரியாணிக்குக் கறி வேகப் பப்பாளிக்காயை அரைத்துத் தடவுவதும் இதே வேலைக்குத்தான். ஒரு பழத்துண்டே இவ்வளவு செய்கிறது என்றால், அமிலமும் பெப்சினும் கணையச் சாறும் அடுத்தடுத்துக் காத்திருக்கும் நம் குடலைக் கேட்க வேண்டாம். கொலாஜன் கொலாஜனாகவே ரத்தத்தில் ஏறி முகத்துக்குப் போய் உட்காரும் என்பது நடக்கிற காரியமில்லை. க்ரீமாகத் தடவுவதும் வீண்: தோல் சுலபமாக உள்ளே விடும் மூலக்கூறின் எடை சுமார் 500 டால்டன் வரை, கொலாஜனின் எடை ஏறக்குறைய 3 லட்சம். ஊசியால் நேராகவே தோலுக்கடியில் வைத்துப் பார்த்ததும் உண்டு. மாட்டுக் கொலாஜன் ஊசிக்கு 1981இல் அமெரிக்கா அனுமதி தந்தது. சுருக்கம் நிரம்பியது உண்மை, ஆனால் சில மாதங்களில் உடம்பு அதைக் கரைத்துவிட்டது. சேரவேண்டிய இடத்திலேயே கொண்டுவைத்தும் தங்காத ஒன்று வாய்வழி வந்து தங்கும் என்று எப்படி நம்புவது?

இதற்குக் கொலாஜன் தரப்பில் ஒரு நல்ல பதில் உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. செரிமானத்தில் எல்லாமே தனித்தனி அமினோ அமிலமாகிவிடுவதில்லை. ஹைட்ராக்சிபுரோலின் உள்ள இரண்டு மூன்று கண்ணித் துண்டுகள் உடையாமல் ரத்தத்தில் ஏறுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். இந்தத் துண்டுகளைப் பார்த்ததும், கொலாஜன் எங்கோ சிதைகிறது என்று செல்கள் எண்ணிப் புதிதாகப் பின்னத் தொடங்குகின்றன என்பது அவர்கள் பக்கத்து விளக்கம். ஆய்வுத்தட்டில் வளர்த்த செல்களில் இதற்குச் சில அறிகுறிகளும் தெரிகின்றன. நடக்கக்கூடியதுதான். ஆனால் நடக்கக்கூடியதற்கும் நடந்ததற்கும் இடையில் உள்ள தூரத்தை அளக்க மனிதர்களிடம் செய்யும் பரிசோதனை வேண்டும். அப்படி 19 பரிசோதனைகளில் கலந்துகொண்ட 1,125 பேரின் முடிவுகளைச் சேர்த்து 2021இல் வந்த தொகுப்பாய்வு, தோலின் ஈரமும் நெகிழ்வும் கூடியதாகவே சொன்னது. விளம்பரங்கள் அதோடு நின்றுவிடுகின்றன. 2025இல் அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியான இன்னொரு தொகுப்பு 23 பரிசோதனைகள், 1,474 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டது: செலவு யாருடையது? கம்பெனிப் பணத்தில் நடந்தவற்றில் பலன் தெரிந்தது. கம்பெனிப் பணம் வாங்காதவற்றில் ஈரத்திலும் மாற்றமில்லை, நெகிழ்விலும் இல்லை, சுருக்கத்திலும் இல்லை. தரமாக நடத்தப்பட்டவற்றிலும் அதே கதை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் மூட்டுக்கு நல்லது என்ற கோரிக்கையையும், 2013இல் தோலுக்கு நல்லது என்று ஒரு குறிப்பிட்ட பெப்டைடுக்காக வைக்கப்பட்ட கோரிக்கையையும், காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று திருப்பியனுப்பியது. நாளை பெரிய, சுதந்திரமான ஆய்வு ஒன்று வேறுவிதமாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இன்றைய கணக்கில், நிரூபிக்கும் பொறுப்பு விற்கிறவருடையது. அவர் அதை நிறைவேற்றவில்லை.

அப்படியானால் எலும்பு முறிந்தவருக்கு ஆட்டுக்கால் சூப் கொடுத்த பாட்டிமார் எல்லாம் ஏமாளிகளா என்று கேட்கலாம். இல்லை. படுக்கையில் கிடந்து, பசி செத்து, சோறு இறங்காதவருக்குச் சூடாக, உப்பும் மிளகும் சீரகமுமாக, கொஞ்சம் கொழுப்பும் புரதமும் உள்ளே போனால் அது நல்லதுதான். பாட்டி அந்தச் சூப்போடு முட்டையும் மீனும் பருப்பும் கொடுக்கத் தவறவில்லை, தொண்ணூறு நாள் சந்தாவும் கேட்கவில்லை. எலும்புக்கு எலும்பு என்ற கணக்கு மட்டும் உடம்பின் கணக்கில் இல்லை: புல் தின்று வளரும் ஆட்டின் காலில் கொலாஜன் வந்தது எப்படி என்று யோசித்தாலே போதும். குடித்தால் என்ன கெடுதல் என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை, மீனோ இறைச்சியோ ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். கெடுதல் பர்ஸுக்கு. மாதச் சம்பளத்தில் வீட்டை ஓட்டும் ஒரு பெண் அந்தப் பணத்துக்கு முட்டையும் கொய்யாவும் நெல்லிக்காயும் வாங்கினால், கொலாஜனுக்கு வேண்டிய எல்லாக் கச்சாப்பொருளும் டிரிப்டோஃபானும் வைட்டமின் சியும் குடும்பத்துக்கே வந்துசேரும். மூட்டுவலிக்கு இதை நம்பி டாக்டரிடம் போவதை ஆறு மாதம் தள்ளிப்போடுகிறவருக்கு நேரும் நஷ்டம் பர்ஸோடு நிற்காது.

சைவக்காரர்களைக் குறிவைத்து வரும் ‘தாவரக் கொலாஜன்’ இன்னும் வேடிக்கை. எந்தச் செடியும் கொலாஜன் செய்வதில்லை. டப்பாவின் பின்பக்கம் பார்த்தால் நெல்லிச் சாரம், அகத்திக்கீரைச் சாரம், வைட்டமின் சி, பயோட்டின் என்று இருக்கும். முன்பக்கம் ‘கொலாஜன் பில்டர்’ என்று கொட்டை எழுத்தில். நெல்லிக்காயை நெல்லிக்காய் விலைக்கு வாங்க வழி இருக்கும்போது இது எதற்கு? தோலில் உள்ள கொலாஜனை உண்மையில் தின்பவை வெயிலும் புகையும். சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டதும் தோல் செல்கள் கொலாஜனை அறுக்கும் என்சைம்களைச் சுரக்கின்றன. சிகரெட்டும் அதே வேலையைச் செய்கிறது. உச்சிவெயிலில் குடை பிடிப்பதற்கு இருக்கும் ஆதாரத்தில் பாதிகூட எந்தப் பவுடருக்கும் இல்லை.

கடைசியாக, கேப்சூலைப் பார்த்து முகம் சுளிப்பவரின் கேள்வி. அது பவுடர் வாங்குகிறவரின் நம்பிக்கையைவிட நியாயமானது என்பேன். சைவத்தைக் கடைப்பிடிப்பவருக்கும், பன்றியைத் தவிர்ப்பவருக்கும், மாட்டை வணங்குபவருக்கும் தாங்கள் விழுங்குவது எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. உருமாறிய பொருளுக்குப் பழைய விலக்கு பொருந்தாது என்று 1995இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய அறிஞர்கள் ஜெலட்டினை அனுமதித்ததை உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசிப் பிரசாரத்தில் எடுத்துச் சொன்னது. எல்லோரும் அதை ஏற்கவில்லை, ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸில் செய்த கேப்சூல் கூடு சந்தையில் இருக்கிறது, விலைதான் கூடுதல். எல்லாக் கேப்சூலையும் அதற்கு மாற்ற வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன் டெல்லியில் பேச்சு எழுந்தது. ஏழை நோயாளி வாங்கும் மாத்திரையின் விலையை அது ஏற்றிவிடும் என்பதால் அந்தக் கட்டாயம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் மிட்டாய்ப் பொட்டலத்தில் ஜெலட்டின் இருந்தால் அது விலங்கிலிருந்து வந்தது என்று அச்சிடச் சொல்லும் நாட்டில், மருந்து அட்டைக்கு அப்படி ஒரு குறி கட்டாயமில்லை. மாடா, பன்றியா, மீனா, மரக்கூழா என்று கேப்சூல் அட்டையின் பின்னால் ஒரே ஒரு வரி அச்சிட மருந்து விதிகளைத் திருத்தலாம். அதுவரை, வேண்டுமென்பவர்கள் மருந்தாளுநரிடம் கேளுங்கள். பல மருந்துகள் மாத்திரையாகவோ சிரப்பாகவோ வேறு வடிவிலும் கிடைக்கின்றன. டாக்டரைக் கேட்காமல் கேப்சூலைப் பிரித்து மருந்தை மட்டும் கொட்டிச் சாப்பிட்டுவிடாதீர்கள்.